பெட்டைகளோடு எத்தனை சேவல் விடலாம்?

இளஞ்சேவல் என்பது ஒரு வயது நிரம்பாத ஆண் கோழி. நான்கைந்து மாதத்தில் கூவத் தொடங்கி, பெட்டைகளைத் துரத்தும். வேலூர்ப் பக்கம் வீட்டுக் கொல்லையில் ஆறேழு பெட்டை வளர்ப்பவர்களுக்கு ஒரு சேவலே போதும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்பதே நல்ல கணக்கு.

காரணம், சேவல்கள் கூடினால் ஒவ்வொன்றும் எல்லாப் பெட்டைகளையும் தனக்கென்று நினைக்கும். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரே சவாரியை மூன்று ஆட்டோக்காரர்கள் இழுத்தால் திண்டாடுவது பயணிதானே, அதுபோல.

பெட்டையைக் கையில் எடுத்து முதுகைப் பாருங்கள். சேவல்கள் மாறி மாறி மேலே ஏறுவதால் இறகு ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கும், தோல் சிவந்திருக்கும். இறக்கையைத் தூக்கினால் விலாவில் நகம் கிழித்த காயம் தெரியும். இறகு மூடியிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, பாவம். ரத்தம் கண்டால் மற்ற கோழிகளும் கொத்தும். உடனே தனிப் பஞ்சாரத்தில் அடைத்து, காயத்தைக் கழுவி மஞ்சள் தடவுங்கள். ஒடிந்த இறகின் அடி தோலுக்குள் இருக்கும்வரை புது இறகு முளைக்காது. அடுத்த இறகுதிர்வு வரை பொறுக்க வேண்டும்.

மிஞ்சிய இளஞ்சேவல்களைப் பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் ஒன்றாக விட்டால், சேர்ந்தே வளர்ந்தவை பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை வராது என்பது தவறு: பெட்டை தானாகவே முட்டையிடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும்.