நார்மல் ஃபார்ம் தெரிகிறது, அட்டவணை அமைக்க வரவில்லை

கேள்வி: ஐயா, நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் விதிகளான நார்மல் ஃபார்ம்களில் மூன்றாவது வரை தேர்வில் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் மினி புராஜெக்டுக்காக எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு தரவுத்தளம் அமைக்க உட்கார்ந்தால், எத்தனை அட்டவணை வேண்டும், எதில் எதை வைப்பது என்பதே பிடிபடவில்லை. இதை எப்படிக் கற்றுக்கொள்வது?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் படிப்பில் குறை இல்லை. தேர்வுத்தாளில் அட்டவணையையும், எந்தப் பண்பு எதைத் தீர்மானிக்கிறது என்ற சார்புகளையும் கேள்வி எடுப்பவரே கொடுத்துவிடுகிறார். நீங்கள் பிரித்து எழுதினால் போதும். அந்தச் சார்புகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான பாதி. புராஜெக்டில் அது முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட கட்டுரையில், தரவு வட்டில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை, அதை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாகப் பார்த்தால் போதும் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் வகுத்த நார்மல் ஃபார்ம்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: எது தெரிந்தால் எது உறுதியாகத் தெரியும்? இதற்கான விடை உங்கள் கணினியில் இல்லை, நூலகத்தின் வழங்கு மேசையில் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அலமாரியிலிருந்து ஒரே பாடநூலின் இரண்டு பிரதிகளை எடுத்துப் பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். உள்ளே முத்திரையிட்டு எழுதிய அக்சஷன் எண், அதாவது நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் தனி எண், மட்டும் வேறுபடும். ஆகவே நூல் என்பது ஒன்று, பிரதி என்பது இன்னொன்று. அவற்றுக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும். ஒன்றாகவே வைத்தால், தவறாக எழுதிய ஆசிரியர் பெயரை, ஐந்து பிரதிகள் இருந்தால் ஐந்து வரிசைகளில் திருத்த வேண்டியிருக்கும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரே நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள். கிழிந்துபோன கடைசிப் பிரதியை நீக்கும்போது, அப்படியொரு நூல் இருந்த தகவலும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்து வழங்கல் பதிவு. உறுப்பினர் எண்ணையும் அக்சஷன் எண்ணையும் சேர்த்து பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் குறி, ஆக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். ஜூலையில் எடுத்துத் திருப்பிக் கொடுத்த அதே பிரதியை அதே மாணவி ஜனவரியில் மீண்டும் கேட்டால், தரவுத்தளம் அந்தப் பதிவை ஏற்க மறுத்துவிடும். வழங்கிய தேதியையும் சேர்க்க வேண்டும். காலையில் திருப்பியதை மாலையிலேயே மறுபடி எடுக்கலாமா? அதை நூலகர்தான் சொல்ல முடியும். அவர் ஆம் என்றால் தேதியும் போதாது, நேரம் வேண்டும், அல்லது ஒவ்வொரு வழங்கலுக்கும் தனி எண் வேண்டும்.

பாடநூல் எடுத்துக்காட்டுகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் அஞ்சல் குறியீடு ஊரைத் தீர்மானிப்பதாகச் சார்பு போட்டிருப்பார்கள். நம்மிடம் ஒரே பின்கோடின் கீழ் பல கிராமங்கள் வருகின்றன; அந்தச் சார்பு இங்கே நிற்காது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு நெடுவரிசைகளும் அப்படித்தான். இனிஷியலோடு வாழும் நம் பெயர்களுக்கு அவை பொருந்துவதில்லை.

கண்டதை எல்லாம் முதலில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள்: "ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும்." பிறகு, பீட்டர் சென் 1976இல் முன்வைத்த, நூல், உறுப்பினர் போன்றவற்றைப் பெட்டிகளாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் ஈ.ஆர். வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் அதற்குரிய வாக்கியத்தை எழுதுங்கள். வாக்கியம் இல்லாத கோடு ஊகம்தான். அதற்காக மறுபடியும் நூலகரிடம் போக வேண்டும். கடைசியில் வேண்டுமென்றே தவறான தரவைப் போட்டுச் சோதியுங்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ஃபாரின் கீ சோதனை, அதாவது ஒரு அட்டவணை சுட்டும் எண் மற்ற அட்டவணையில் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சோதனை, பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கான பிராக்மா கட்டளையைக் கொடுத்து இயக்க வேண்டும். இது தெரியாமல், இல்லாத உறுப்பினருக்கு நூல் வழங்கிவிட்டு விழிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கேள்வி: ஒரே தகவல் இரண்டு இடங்களில் இருந்தாலே வடிவமைப்பு தவறுதானா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பார்வைக்கு ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒரே தகவல் ஆகிவிடாது. மளிகைக் கடையின் பொருள் அட்டவணையில் இருப்பது இன்றைய விலை. பில்லின் வரிசையில் இருப்பது விற்ற அன்றைய விலை. பின்னதை நீக்கிவிட்டுப் பொருள் அட்டவணையிலிருந்தே எடுத்தால், துவரம்பருப்பு விலையை மாற்றிய மறுகணமே சென்ற மாதப் பில்கள் அனைத்தின் கூட்டுத்தொகையும் மாறிவிடும். இரண்டையும் வைத்திருங்கள்.