வைக்கோல் நிறத்தில் வந்த புல்: செத்ததா, தூங்குகிறதா?

கேள்வி: அமெரிக்காவில், டல்லஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கியிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் பில்டரின் ஆட்கள் பெர்முடா புல்பத்தைகளை (மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டுகளை) பதித்துவிட்டுப் போனார்கள். முழுக்க வைக்கோல் மாதிரி இருக்கிறது. செத்த புல்லை நம் தலையில் கட்டிவிட்டார்களா? தண்ணீர் விடணுமா, உரம் போடலாமா?

பதில்: பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். பெர்முடா வேறு எதுவுமில்லை, நம் அருகம்புல்தான். அங்கே பரவலாகப் போடும் டிஃப்வே 419 போன்ற ரகங்கள், அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப்புல் ஒன்றையும் கலந்து வந்தவை. வெயிலில் செழிக்கும் புல் இது. மண்ணின் சூடு 50, 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், இலையைக் காயவிட்டு, தரையோடு ஓடும் தண்டிலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலும் உயிரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

சந்தேகம் தீர, ஒரு பத்தையின் மூலையைத் தூக்கி, தரையோடு ஒட்டிய தண்டு ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரப்பசையோடு, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. உள்ளும் பழுப்பாகி, ஈர்க்குச்சி போலப் படக்கென்று ஒடிந்தால் அந்தத் தண்டு போய்விட்டது. அப்படியும் மனசு அடங்காவிட்டால், உள்ளங்கை அளவு துண்டை மண்ணோடு வெட்டித் தொட்டியில் வைத்து, வீட்டுக்குள் வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் ஈரமாக வைத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை முளை எட்டிப் பார்க்கும்.

நிறத்தைவிட எனக்குக் கவலை வேரைப் பற்றித்தான். ‘அருகுபோல் வேரோடி’ என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். வெட்டிக் கொண்டுவந்த பத்தையில் அந்த வேர்தான் அறுபட்டிருக்கிறது. குளிரில் புது வேரும் கீழே இறங்காது. வெயில் திரும்பும்வரை, ஒட்டிக்கொண்டு வந்த அந்த மெல்லிய மண்ணின் ஈரம்தான் அதற்குச் சோறு. வடக்கிலிருந்து வறண்ட காற்று இரண்டு நாள் அடித்தால் அதுவும் காய்ந்துபோகும். பனியைவிட இந்த வறட்சிக்குத்தான் நான் பயப்படுவேன்.

அதனால் தூங்குகிற புல்லுக்குத் தண்ணீர் எதற்கு என்று குழாயை மூடிவிடாதீர்கள். பத்தையைத் தூக்கி அடிமண்ணில் விரலை வையுங்கள். ஜில்லென்று ஈரம் ஒட்டினால் போதும். மழையில்லாத வாரங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, அடிமண் நனையும்படி விடுங்கள். உங்கள் ஊர் களிமண்ணில் நீர் சீக்கிரம் இறங்காது, ஆகவே சொதசொதவென்று ஆக்கவும் வேண்டாம். தண்ணீர் விட, 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் பகல் நேரம் நல்லது. கடும் உறைபனி வரப்போகிறது என்றால் முந்தைய நாளே நனைத்துவிடுங்கள், ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். பனி இரவில் மட்டும் ஸ்பிரிங்க்ளர் தானாக ஓடாமல் நிறுத்தி வையுங்கள், நடைபாதை பனிக்கட்டியாகிவிடும்.

அப்புறம் இடுக்குகள். இரண்டு பத்தைகளுக்கு நடுவே விரல் நுழைந்தால் அங்கே காற்று புகுந்து ஓரம் முதலில் காயும். நல்ல மண்ணைத் தூவி நிரப்பி, காலால் அழுத்திவிடுங்கள். கான்கிரீட்டை ஒட்டிய ஓரங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

உரம் இப்போது வேண்டவே வேண்டாம். உங்கள் பக்கம் கடைசி உறைபனி சராசரியாக மார்ச் நடுவில். அதற்குப் பிறகு முழுசாகப் பச்சை கட்டி, வேர் பிடித்த பின் போடலாம். பிப்ரவரியில் அக்கம்பக்கத்தார் களை முளைக்காமலிருக்க மருந்து தூவுவார்கள். நீங்கள் தூவாதீர்கள், அந்த மருந்துகளில் பல புது வேரையும் தடுக்கும். குளிர்காலப் பச்சைக்காக மேலே ரை புல் விதைப்பதும் இந்த வருடம் வேண்டாம். வசந்தத்தில் வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது பெர்முடாவோடு போட்டி போடும்.

ஏப்ரலில் ஒரு மூலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மே மாதத்திலும் பச்சை காட்டாத பத்தைகளை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு வசதியாக இப்போதே தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பில்டரிடம் வாங்கிய உத்தரவாதத்தில் புல்லுக்கு எத்தனை நாள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.