ஃபோர்குளோஷர் வீட்டு வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவின் ஓஹாயோவில், கடன் கட்ட முடியாமல் ஆட்கள் விட்டுப்போன வீடுகளை வங்கிகளுக்காகப் போய்ப் பார்த்து, பூட்டு மாற்றி, குப்பை அள்ளி, புல் வெட்டிப் பராமரிக்கிற வேலை எனக்கு. கடன் கட்டாத வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடுவதுதான் ஃபோர்குளோஷர். கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

கோவை: இங்கே நைட் ஷிஃப்டில் அமெரிக்க வொர்க் ஆர்டர்களை அப்டேட் செய்கிறோம். எங்கள் பிட்கள் (வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று அனுப்பும் விலை மதிப்பீடுகள்) ஏன் அடிக்கடி திரும்பி வருகின்றன?

பெரும்பாலும் அளவு இல்லாததால்தான். "குப்பை நிறைய இருக்கிறது" என்று எழுதினால் வங்கிக்காரனுக்கு என்ன புரியும்? குப்பைக்குக் கணக்கு கியூபிக் யார்டு, அதாவது 27 கன அடி. அறை அறையாக நீளம், அகலம், உயரம் போட்டு, அதே குவியல் தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஜன்னலுக்குப் பலகை அடிக்க யுனைடெட் இஞ்ச். நீளத்தையும் அகலத்தையும் கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது. 36க்கு 48 ஜன்னல் என்றால் 84. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பெருக்கிவிட்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் என மூன்று படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். படம் இல்லாத வேலைக்குக் காசு இல்லை. கொடுத்த காசையே ஆறு மாதம் கழித்துப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

டாலஸ்: ஹெச்1பியில் இருக்கிறேன். வார இறுதியில் இன்ஸ்பெக்‌ஷன் செய்யலாமா?

கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறாரே என்று கேட்காதீர்கள்.

நியூஜெர்சி: விண்டரைசேஷன் (குளிரில் குழாய் உறையாதபடி காலி வீட்டைத் தயார் செய்வது) என்பது தண்ணீரை நிறுத்துவதுதானே? அதற்கு ஏன் தனிக் காசு?

நிறுத்தினால் மட்டும் போதாது, குழாயில் தேங்கியிருப்பதுதான் உறைந்து வெடிக்கும். முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ கேஸையோ அணைக்க வேண்டும். மின்சார ஹீட்டரை அணைக்காமல் தண்ணீரை வடித்தால் உள்ளே எலிமென்ட் கருகிவிடும். அப்புறம் மெயின் வால்வை மூடி, ஹீட்டரை வடித்து, கம்ப்ரெசரால் ஒவ்வொரு குழாயையும் ஊதித் தள்ளி, 35 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு. கடைசியில் டாய்லெட், சிங்க், ஷவர் டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்ட்டிஃப்ரீஸ், அதாவது உறையாத் திரவம், ஊற்ற வேண்டும். காருக்கு ஊற்றுகிற பச்சை விஷம், அதைத் தொடாதீர்கள். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பாய்லர், ரேடியேட்டர் இருக்கும், அதையும் தனியாக வடிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ஜனவரியில் ரேடியேட்டர் பிளந்தால் பில் உங்கள் தலையில்தான்.

சிகாகோ: வங்கி ஆர்டர் கொடுத்துவிட்டது, நாம் பூட்டு மாற்றுகிறோம். யாராவது குடியிருந்தால் அது வங்கியின் பிரச்சினைதானே?

இல்லை, இல்லவே இல்லை. உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. ஆட்கள் குடியிருந்த வீடுகளைக் காலி என்று சொல்லிப் பூட்டை மாற்றியதாக, இந்தத் துறையின் பெரிய நிறுவனமான சேஃப்கார்டு மீது இல்லினாய் அட்டர்னி ஜெனரல் லிசா மாடிகன் 2013இல் வழக்குப் போட்டார். 2015இல் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. கதவைத் துளைத்தவன் உங்கள் ஆள் என்றால் போலீஸ் முதலில் பிடிப்பது அவனைத்தான்.

சியாட்டில்: மார்ட்கேஜ் பத்திரத்திலேயே "கடன் தவறினால் உள்ளே வரலாம்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே இதற்குத் தீர்ப்பு இருக்கிறது. ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பூட்டு மாறியிருக்கிறது, ஃபோர்குளோஷர் இன்னும் முடியவில்லை. 2016இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், அதற்கு முன்பே உள்ளே போக விடும் அந்த ஷரத்து மாநிலச் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்றது. ஏலம் முடியும்வரை அது கடன் வாங்கியவரின் வீடு. அதனால்தான் பல ஆர்டர்களில் பின்கதவுப் பூட்டை மட்டும் மாற்றச் சொல்வார்கள், முன்கதவு அவர் சாவிக்கே திறக்க வேண்டும்.

மறுபடியும் சிகாகோ: அப்படியானால் வேலையே நடக்காது. புல் முழங்கால் உயரம், தபால் பெட்டி நிரம்பி வழிகிறது, வேறென்ன ஆதாரம்?

ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் வீட்டிலும் புல் வளரும் ஐயா! மின்சார மீட்டர் ஓடுகிறதா பாருங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், பனிக்காலத்தில் கால்தடம் பாருங்கள். உள்ளே போன பிறகு ஃப்ரிட்ஜில் கெடாத பால் இருந்தாலும் சரி, துணிமணி மடித்து வைத்திருந்தாலும் சரி, அப்படியே வெளியே வந்து ஆபீஸுக்குப் போன் போடுங்கள். ஒரு ட்ரிப் செலவு போகும், போகட்டும். அரை நாளில் மூன்று வீடு முடிக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள்தான் இந்த வாதத்தைக் கொண்டுவருகிறார்கள்.

(இதே விஷயத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். பதில் மாறாது.)

ஆஸ்டின்: ஓபிடியில் (மாணவர் விசாவில் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) இருப்பவர் இன்ஸ்பெக்‌ஷன்...

மேலே டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படிக்கவும். விசா கேள்விகளுக்கு வக்கீலைப் பாருங்கள்.

ஹூஸ்டன்: ஹோம் இன்ஸ்பெக்டர் லைசென்ஸுக்கு எப்படிப் படிப்பது?

அது வேறு தொழில். வீடு வாங்குகிறவருக்காகக் கூரையும் வயரிங்கும் பார்ப்பவர் அவர். டெக்சஸில் ரியல் எஸ்டேட் கமிஷனிடம் விசாரியுங்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு முறை போய், ஆள் இருக்கிறாரா, ஜன்னல் உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுப்பவர். லைசென்ஸ் பெரும்பாலும் கேட்பதில்லை, பின்னணிச் சோதனையும் இன்ஷூரன்ஸும் கேட்பார்கள்.

மதுரை: பேங்க் ஏலத்தில் வீடு வாங்கலாமா?

நம் ஊர் ஏலத்துக்கு சர்ஃபேசி சட்டம் (வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்து விற்கும் சட்டம்) தெரிந்த வக்கீலிடம் போங்கள். எனக்கு ஓஹாயோ தெரியும்.

கொலம்பஸ்: புதிதாக ஆரம்பிக்கிறேன், எதில் காசு?

வடக்கில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புல். ஒரு வெட்டுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகக் கிடைத்தால் கட்டுப்படியாகும். காசு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பெட்ரோலுக்குக் கையில் பணம் வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்ப வேண்டாம். 2020இல் மத்திய அரசு ஃபோர்குளோஷரை நிறுத்தி வைத்தபோது பலருக்கு ஆர்டர் அப்படியே வற்றிப்போனது, 2021 ஜூலை முடியும்வரை அதே கதி. அப்புறம், ஓஹாயோவில் காலி வீட்டுக்கு ப்ளைவுட் அடிப்பதற்கு 2017 முதல் சட்டத் தடை உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே பாலிகார்பனேட் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தகடு) விலை போடுங்கள்.

கொலம்பஸ்: சரி, புல் வெட்ட எந்த மெஷின் வாங்கலாம்?

உங்கள் ஊரில் ரிப்பேர் கடை உள்ள எந்த பிராண்டும் சரி. முதல் வெட்டுக்குப் போகும்போது புல்லில் டேப்பை நிறுத்திப் படம் எடுத்த பிறகு மெஷினை ஸ்டார்ட் செய்யுங்கள், உயரத்தைப் பொறுத்துத்தான் அந்த வெட்டுக்கு ரேட்.