தோல் தைக்கும்போது பிரஷர் ஃபுட் தடம் விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

முதலில் தைத்த தோலைத் திருப்பிப் பாருங்கள். தடம் மேல்பக்கம் இருந்தால் அது ஃபுட், அதாவது தோலை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் பாதம், போட்டது. அடிப்பக்கம் சின்னச் சின்ன வரிகளாக இருந்தால் பல்லு, அதாவது தட்டுக்கு அடியிலிருந்து தோலை நகர்த்தும் பல்வரிசை, போட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ‘அழுத்தத்தைக் குறையுங்கள்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

நீங்கள் பையோ பர்ஸோ தைக்கிறீர்கள், மிஷின் வாக்கிங் ஃபுட் வகை (மேலே உள்ள ஃபுட்டும் தோலோடு சேர்ந்து நகரும்) என்று வைத்துக்கொள்கிறேன். மிஷினோடு வரும் ஃபுட் பெரும்பாலும் ரெக்சினுக்கும் நாடாவுக்கும் ஆனது. கழற்றி அடியை விரலால் தடவுங்கள், ரம்பம் மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் தடம் போகாது. தோலுக்கென்று அடி வழவழப்பான செட் தனியாக விற்கிறது. உள் ஃபுட், வெளி ஃபுட் இரண்டையும் மாற்றுங்கள்.

கிடைக்கவில்லையென்றால் இருப்பதையே தேய்க்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து 240, 400, 800, 1200 நம்பர் என்று படிப்படியாக நைஸாகப் போங்கள். ஃபுட் அடியின் ரம்பப் பல் மட்டும் போனால் போதாது, விளிம்பு நான்கையும் உருட்டிவிட வேண்டும். கோடு போடுவது பெரும்பாலும் விளிம்புதான். தேய்த்தால் முலாம் போய் இரும்பு வெளியே வரும். ஈரமான வெஜ் டேன் (மரப்பட்டை, காய்ச் சாற்றில் பதனிட்ட) தோலில் அது பட்டால் கருநீலக் கறை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. அதனால் நன்றாகப் பாலிஷ் போட்டு, உலர்ந்த தோலில் மட்டும் ஓட்டுங்கள்.

அடுத்தது அழுத்தம். ஃபுட்டை அமுக்கும் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்திவிட்டு, அதே தோலின் கழிவுத் துண்டில், அதே எண்ணிக்கை அடுக்கு வைத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிக்கொண்டே தையுங்கள். ஊசி மேலே வரும்போது தோலும் கூடவே எழும்பினால் தையல் தாண்டும். எழும்புவது நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். அங்கேயும் தடம் விழுகிறதென்றால் ஊசி தடிமனாக இருக்கலாம். டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூல் தடிமன் அளவு) நூலுக்கு 18 நம்பர் ஊசி போதும். 22 போட்டால் தோலைப் பிடித்து இழுக்கும், அதை அமுக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவரும். முனையும் தோலுக்கான வெட்டு முனையாக இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, ஃபுட் தூக்கும் உயரம். தடித்த மடிப்புக்காக அதைக் கூட்டி வைத்துவிட்டு அப்படியே இரண்டு அடுக்கு மெல்லிய தோலைத் தைத்தால், ஒவ்வொரு தையலுக்கும் ஃபுட் சுத்தியல் மாதிரி விழும். தடிமன் குறைந்தால் உயரத்தையும் குறையுங்கள், வேகத்தையும்.

பாக்கெட் ஓரம் மாதிரிப் படி இறங்கும் இடத்தில் ஃபுட்டின் பாதி மேட்டில், பாதி காற்றில் நிற்கும். மொத்தப் பாரமும் ஒரே விளிம்பில் இறங்கும். பள்ளத்தில் அதே தடிமனுள்ள தோல் பட்டை ஒன்றை வைத்து ஓட்டுங்கள், அல்லது ஒருபக்க ஃபுட் போடுங்கள்.

அடித்தடத்துக்குப் பல்லை இறக்குங்கள். தட்டுக்கு மேல் அரை மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். ஊசியும் சேர்ந்து நகரும் மிஷினில் தோல் நின்றுவிடாது. சாதாரண ஒற்றை ஊசி மிஷின் என்றால் டெஃப்லான் ஃபுட்டும் அடியில் டிஷ்யூ பேப்பரும். தோல் மேல் டேப் ஒட்டச் சொல்வார்கள். உரிக்கும்போது ஃபினிஷும் கூடவே வரும், வேண்டாம்.

முடிவில் ரிவர்ஸ் அடிக்காதீர்கள், ஒரே இடத்தில் இரண்டு தடம். நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடுங்கள். ஃபுட்டைத் தூக்கும் முழங்கால் லிஃப்டரை மெதுவாக விடுங்கள். சாப்பிடப் போகும்போது ஃபுட்டைத் தூக்கி வையுங்கள்.

‘கையால் தைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று யாராவது வருவார்கள். நாளைக்கு இருபது பை கொடுக்க வேண்டியவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். தோல் விலையோ சதுர அடிக் கணக்கு. பைக்கு ஆகாத தொளதொள வயிற்றுப் பகுதிக்கும் சேர்த்தே காசு வாங்குகிறார்கள். மிச்ச நல்ல தோலையும் தடம் போட்டுக் கெடுத்தால் என்ன மிஞ்சும்?

ஏற்கெனவே விழுந்த தடம் வெஜ் டேனில் லேசாக இருந்தால், ஸ்பாஞ்சால் ஈரம் தொட்டுக் கரண்டியின் முதுகால் தேயுங்கள், ஓரளவு எழும்பும். குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு ஹேர் டிரையர் சூடும் கட்டைவிரலும். பிக்மெண்ட் பூச்சு வெட்டுப்பட்டிருந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.