அட்டை வீடும் ஷிகெரு பானும்

ஐயா,

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் கட்டுமானத் தொழிலில் இருப்பவன். வீடிழந்த ஏழைக்கு அட்டைக் குழாயில் ஒரு கூடு கட்டிக் கொடுத்துவிட்டு, 2014இல் கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? ஒரு மழைக்குத் தாங்குமா அது?

கே.

அன்புள்ள கே.,

மழைக்குத் தாங்கும். 1995 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானின் கோபே நகரில் அவர் கட்டிய வீடுகளைப் பாருங்கள். 106 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட குழாய்களை வரிசையாக நிறுத்தியதுதான் சுவர். ஒவ்வொரு குழாய்க்கும் நடுவே தண்ணீர் புகாத ஸ்பாஞ்ச் பட்டை. அடித்தளம், மணல் மூட்டைகளால் நிரப்பிய பீர் பெட்டிகள். மேலே கூடாரத் துணி. அங்கே குடியேறியவர்கள் பூங்காவில் கூடாரம் போட்டுக் கிடந்த வியட்நாமிய அகதிகள். அரசு கொடுத்த தற்காலிக வீடுகள் அவர்கள் வேலை பார்த்த இடத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தன. அவர்கள் இருந்த இடத்திலேயே கட்டிக் கொடுத்தார் பான். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

ஏன் அட்டை என்று கேட்பீர்கள். 1986இல் ஒரு கண்காட்சி அமைப்புக்கு மரம் வாங்கிப் பிறகு தூக்கி எறிய மனமில்லாமல், காகிதச் சுருள் சுற்றிவரும் குழாய்களை எடுத்தார். தொடக்கம் அவ்வளவுதான். 1994இல் உள்நாட்டுப் போர் நடந்த ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் அதற்கு வேறு அர்த்தம் வந்தது. அகதிகள் கூடாரத்துக்குக் கம்பு தேடி மரங்களை வெட்டினார்கள். ஐ.நா. அலுமினியக் கம்பு கொடுத்தது. வயிற்றுப்பாட்டுக்கு அதை விற்றுவிட்டு மறுபடியும் மரம் வெட்டப் போனார்கள். அட்டைக் குழாயை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். பான் ஜெனீவாவுக்கே போய் அகதிகள் ஆணையத்திடம் இந்த யோசனையைச் சொன்னார்.

கோபேயில் அட்டைக் குழாய்களால் பான் எழுப்பிய தேவாலயமும் தற்காலிகம் என்றுதான் எழுந்தது. தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டினார்கள். மக்களுக்கு அது பிடித்துப்போனது. பத்தாண்டு நின்றது. 2005இல் பிரித்தெடுத்துத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். 1999 நிலநடுக்கத்தில் நொறுங்கிய தாவோமி கிராமத்தில் அதை மறுபடி நிறுத்தினார்கள். இலாபத்துக்காகக் கட்டிய கான்கிரீட் கட்டடம் இருபது வருடத்தில் இடிபடுவதை உங்கள் தொழிலில் நீங்களே பார்த்திருப்பீர்கள். எது தற்காலிகம் என்பதை மூலப்பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை.

ஒன்றில் உங்களோடு உடன்படுகிறேன். அட்டை வீட்டைக் காட்டி நிரந்தர வீடு தரும் கடமையிலிருந்து எந்த அரசும் நழுவக் கூடாது. பானும் எல்லா இடத்திலும் அட்டையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில், அம்பாந்தோட்டைப் பக்கம் கிரிந்தவில் முஸ்லிம் மீனவர்களுக்கு அவர் கட்டியவை நிரந்தர வீடுகள். சுவருக்கு அழுத்திச் செய்த மண்கற்கள், தடுப்புகளுக்கு ரப்பர் மரம். நடுவே கூரையிட்ட திறந்த முற்றம், சாப்பிடவும் மீன்பிடிச் சாமான்களைப் பழுது பார்க்கவும். அந்த வீடுகளின் வரைபடம் கிடைத்தால் பாருங்கள். கட்டுமானக்காரராக உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.