குழுவில் யார் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வேலை சுலபமாகுமா?

உங்கள் டீமில் ஏழு பேர், சிலர் பார்த்துக் கற்கிறார்கள், சிலர் கேட்டு, சிலர் கையால் செய்து. யார் எந்த ரகம் என்று பிரித்துவிட்டு அதற்கேற்ப வேலை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நானும் பிரித்துப் பார்த்தவன், அதனால் ஒரு பையனுக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பம்புக்குள் சுழலும் தண்டை, அதாவது ஷாஃப்டைக் கடைகிறோம், ஷிஃப்டுக்கு எட்டுப் பேர். ஒரு தடவை வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். உங்களிடம் ஒருவர் வழி கேட்டால் வரைந்து காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா, கூடவே போய் விட்டுவிட்டு வருவீர்களா என்பது மாதிரி கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரு ரகம் வந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒருவனுக்கு ‘செய்து கற்பவர்’ என்று வந்தது. அந்தத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லச் சொல்ல இவன் டிக் அடித்தான். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவனுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ‘அவனுக்கு வாயால சொன்னா ஏறாது, செஞ்சு காட்டிடு’ என்று மெஷினைத் தயார்செய்து கொடுக்கும் செட்டர் அண்ணனிடம் நானே சொன்னேன். அவரும் செய்து காட்டினார்.

இனி நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. சிஎன்சி லேத் என்கிற கணினிக் கடைசல் மெஷினில் அளவு மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ, திரையில் ‘வேர் ஆஃப்செட்’ (வேர் என்றால் டூல் தேய்மானம்) என்கிற பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டுத் திருத்துவோம். நாங்கள் வைத்திருக்கும் ஃபேனக் கம்பெனி கன்ட்ரோலில் அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு பட்டன்கள் வரும், ஒன்று ‘இன்புட்’, இன்னொன்று ‘ப்ளஸ் இன்புட்’. இன்புட்டை அழுத்தினால் ஏற்கனவே இருக்கும் எண் அழிந்து நாம் அடித்தது உட்காரும். ப்ளஸ் இன்புட்டை அழுத்தினால் இருப்பதோடு நாம் அடித்தது கூடும். செட்டர் அண்ணன் காட்டிய அன்று வேரில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யத்தின் மேல் எதை அழுத்தினாலும் ஒரே விடைதானே, அவர் இன்புட்டை அழுத்தினார். தம்பி அதைப் பார்த்தான், தானும் இரண்டு தடவை செய்தான், சரியாக வந்தது. எங்கள் கணக்கில் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

சில நாள் கழித்து நைட் ஷிஃப்ட். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், மேல் வரம்பு 25.000, கீழ் வரம்பு 24.979. இன்சர்ட்டை, அதாவது வெட்டும் முனையை மாற்றிவிட்டுப் போன செட்டர் வேரில் கூட்டல் 0.080 போட்டு வைத்திருந்தார். தம்பி அளந்தபோது 25.010 காட்டியிருக்கிறது. 0.020 குறைத்தால் 24.990, நடுவில் வந்துவிடும் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டான். மைனஸ் 0.020 அடித்தான், இன்புட்டை அழுத்தினான். 0.060 ஆகியிருக்க வேண்டியது மைனஸ் 0.020 ஆகிவிட்டது, 0.100 குறைந்து ஷாஃப்ட் 24.910-க்குப் போய்விட்டது. கூடுதலாக இருந்தால் திரும்ப ஓட்டிச் சரிசெய்யலாம், குறைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து மைக்ரோமீட்டரை எடுப்பதற்குள் ஒன்பது ஷாஃப்ட் ஸ்க்ராப்.

காலையில் செட்டர் கோபத்தில், ‘ஏன் தம்பி, காட்டிக் குடுத்தேன்ல?’ என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ‘அண்ணா, நீங்க காட்டின மாதிரிதான் போட்டேன்’ என்றான். அது உண்மை. அவன் எங்களில் யாரையும்விடக் கவனமாகப் பார்த்திருந்தான், இரண்டு பட்டனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குத் தெரிந்த மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். மொழி தெரியாததை நாங்கள் ‘கற்கும் பாணி’ என்று எடுத்துக்கொண்டோம். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த ரகம் பிரிக்கும் விஷயத்தைத் தேடிப் படித்தேன். அந்தத் தாளைப் போன்றவற்றுக்கு மூலம் ‘வார்க்’ என்கிற முறை, நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் உருவாக்கியது. 1992-ல் கோலீன் மில்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையே, இது ஆட்களுக்கு முத்திரை குத்துவதற்கு இல்லை, தான் எப்படிப் படிக்கிறோம் என்று ஒருவர் யோசித்துப் பார்ப்பதற்கு என்கிற ரீதியில்தான் பேசுகிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஃப்ராங்க் காஃபீல்டும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தபோது இந்த மாதிரி 71 வகைப்பாடுகள் இருந்தன. 2008-ல் பேஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஒரு நேரான கேள்வி கேட்டார்கள்: ‘பார்ப்பவர்’களில் பாதிப் பேருக்குக் காட்டியும் பாதிப் பேருக்குச் சொல்லியும் கொடுங்கள், ‘கேட்பவர்’களுக்கும் அதேபோலச் செய்யுங்கள், எல்லோருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள், அவரவர் ரகத்துக்கு ஏற்றபடி கற்றவர்கள் கூடுதலாக மார்க் எடுக்கிறார்களா? அந்த மாதிரி ஒழுங்காகச் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு, இருந்த சிலவற்றிலும் பல அந்த நம்பிக்கைக்கு எதிராகவே இருந்தன. ஆளுக்கு ஆள் விருப்பம் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அந்த விருப்பப்படி சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி, அப்படியானால் ஆளைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும், வேறு இரண்டு விஷயத்தை. அந்த ஆளுக்கு ஏற்கனவே என்ன தெரியும், இப்போது எங்கே இடறுகிறது. டிப்ளமோ முடித்து வந்த புதுப் பையனிடம் டிராயிங்கை மட்டும் கொடுத்துவிட்டு ‘நீ படிச்சவன்தானே’ என்று நகர்ந்துவிட்டால் அவன் முழிப்பான், அவனுக்கு முடித்துவைத்த ஜாப் ஒன்று கையில் வேண்டும், எந்த முகத்தை முதலில் பிடிப்பது என்று படிப்படியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். இருபது வருஷம் ஓட்டிய செட்டரிடம் போய் அதே படிகளைச் சொன்னால் அவருக்கு எரிச்சல் வருவது மட்டுமில்லை, வேலையும் தாமதமாகும். அவருக்கு டிராயிங்கில் என்ன மாறியிருக்கிறது என்ற ஒரு வரி போதும். ஆரம்பத்தில் உதவுகிற விளக்கம் அனுபவம் வந்தவருக்குத் தடையாகும் என்பது ஆய்விலும் நன்றாக நிறுவப்பட்ட விஷயம்தான், ஜான் ஸ்வெல்லர் குழுவினர் அதை நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த டிப்ளமோ பையனுக்கே ஆறு மாதம் கழித்து அந்த விளக்கம் தேவைப்படாது. இதில் நிரந்தர ரகம் எங்கே இருக்கிறது?

கற்கிற பொருளையும் பார்க்க வேண்டும். ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் ஜாவை எவ்வளவு இறுக்கினால் ஷாஃப்டில் தடம் விழாது என்பதை யாராக இருந்தாலும் கையால்தான் கற்க முடியும். ஆஃப்செட் கூட்டல் கழித்தலை யாராக இருந்தாலும் எண்ணை வைத்துக்கொண்டு பேசித்தான் புரிந்துகொள்ள முடியும்.

இப்போது நாங்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. எதைக் காட்டினாலும் இரண்டு உதாரணம் காட்டுகிறோம், வேரில் பூஜ்யம் இருக்கும்போது ஒன்று, வேறு எண் இருக்கும்போது ஒன்று. காட்டியபின் ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதை விட்டுவிட்டோம், அதற்கு எல்லோரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள். ‘இப்போ 0.040 இருக்கு, நீ மைனஸ் 0.010 அடிச்சு இதை அழுத்தினா என்ன வரும்?’ என்று கேட்கிறோம். மறுநாளும் ஒருதரம் கேட்கிறோம், ஏனென்றால் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நாள்பட நிற்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் ஒரு வாரம் கழித்து இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

விருப்பத்தையும் மதிக்கிறோம், ஆனால் பழகுவதற்காக. செட்டர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் பார்க்க மாட்டார், கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குவாலிட்டியில் இருக்கும் அக்காவுக்கு எதையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், வாய்ப்பேச்சை அவர் ஏற்றுக்கொள்வதில்லை, அது அவர் வேலைக்கு நியாயமும் கூட. இதையெல்லாம் தெரிந்துகொள்ளக் கேள்வித்தாள் எதற்கு, டீ குடிக்கும்போது கேட்டாலே சொல்லிவிடுகிறார்கள். அதனால் உங்கள் ஏழு பேரிடமும் ‘நீ எந்த ரகம்’ என்று கேட்காமல், ‘போன வாரம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய், அப்போது யாரைக் கேட்டாய்’ என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது என்று யாராவது சொன்னால், முதலில் கவனிக்க வேண்டியது அவரைத்தான்.

எங்கள் மெஷினில் இப்போது கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. இன்புட்டை அழுத்தினால் 0.080 என்ன ஆகும், ப்ளஸ் இன்புட்டை அழுத்தினால் என்ன ஆகும் என்று இரண்டு வரிகள். தமிழில் நான் எழுதினேன், கீழே ஒடியாவில் அந்தத் தம்பியே எழுதினான்.