வார்டில் மூன்றாவது ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வார்டில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குடிநீர். கடைக்கு எதிரே உள்ள சாக்கடை மழை பெய்தால் வாசலுக்கு வந்துவிடும். இரண்டு பெரிய கட்சிக்காரர்களிடமும் மனு கொடுத்து ஓய்ந்துவிட்டேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நானே நிற்கலாம் என்று ஒரு எண்ணம். சிறிய கட்சி ஒன்று தன் வேட்பாளராக நிற்கச் சொல்கிறது. வீட்டுக்காரர், "ஓட்டைப் பிரிச்சு யாரையோ ஜெயிக்க வைக்கத்தான் ஆகும்" என்கிறார். அண்ணி, "ஒத்த ஓட்டு வாங்கினேன்னு ஊரே சிரிக்கும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

நில்லுங்கள். ஆனால் முடிவை இன்றே எடுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் நடக்கும்.

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 4 வேட்புமனுவுக்குக் கடைசி நாள், 7 திரும்பப் பெற, 19 வாக்குப்பதிவு. பிரச்சாரம் 17ஆம் தேதி மாலையோடு முடிந்தது. சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் சின்னம் உறுதியாவதே மனு திரும்பப் பெறும் நாளுக்கு அப்புறம்தான். சின்னத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பத்தே நாள். உதயசூரியனையும் இரட்டை இலையையும் பாட்டி காலத்திலிருந்து பார்த்துவந்த கண்ணுக்கு உங்கள் சின்னம் பத்து நாளில் பழகாது. உங்கள் முகம் பழகியிருக்கிறதே, அதுதான் உங்கள் பலம். முகத்துக்கு விழும் ஓட்டை வைத்து ஜெயிக்க முடிகிற தேர்தல் நம் ஊரில் வார்டுத் தேர்தல் ஒன்றுதான்.

அந்தத் தேர்தலில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி என்று மொத்தம் 12,838 வார்டுகள். அதில் 7,621 பேரூராட்சி வார்டுகள். கணக்குப் போட்டால் ஒரு பேரூராட்சிக்குப் பதினைந்து பதினாறு வார்டு வரும். உங்கள் வார்டில் மொத்த ஓட்டே சில நூறோ ஆயிரம் சொச்சமோதான் இருக்கும். சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அங்கே மூன்றாவது ஆளுக்குக் கட்சியும் பணமும் இல்லாமல் முடியாது, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அங்கே பெரும்பாலும் சரி. அந்தக் கணக்கை அப்படியே வார்டுக்கு இறக்கக் கூடாது. உங்களிடம் ரவிக்கை தைத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

அண்ணி சொன்ன ஒத்த ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபரில் கோவை குருடம்பாளையம் ஊராட்சியில் 9ஆவது வார்டு இடைத்தேர்தலில் ஒருவர் ஒரே ஒரு ஓட்டு வாங்கினார். அவர் பெரிய கட்சியொன்றின் இளைஞரணிக்காரர் என்பதால் நாடு முழுக்கப் பேச்சானது. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடப் போடவில்லையே என்று கேலி செய்தார்கள். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓட்டு 4ஆவது வார்டில் இருந்தது. ஓட்டே இல்லாத வார்டில் போய் நின்றிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது: நிற்பதற்கு முன் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும்.

2011இல் என் நண்பர் ஒருவர் நகராட்சி வார்டு ஒன்றில் சுயேச்சையாக நின்றார். தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒரு ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கறுப்பு வெள்ளையில் மங்கிய தபால்தலைப் படங்கள், கட்டம் கட்டமாகப் பெயர்கள். நான் சிவப்புப் பேனாவும் ஸ்கேலுமாகக் கோடு போட, நண்பரின் அம்மா சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொரு பெயருக்கும் விவரம் சொன்னார். "இவரு போய்ச் சேர்ந்து ரெண்டு வருசமாச்சு." "இது திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு, பொங்கலுக்குத்தான் வரும்." "இந்த வீட்டுல மூணு ஓட்டு, மூத்தவன் சொன்னா மூணும் விழும்." நாங்கள் மூன்று வாரமாகத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்துத் தெரிந்துகொள்ளாததை அந்த அம்மா ஒரு ராத்திரியில் சொல்லி முடித்தார். வெளியூர் போனவர்கள் மட்டும் அறுபதுக்கு மேல். அவர்களை வரவழைக்க எங்களுக்கு நாள் இல்லை. நண்பர் தோற்றது 41 ஓட்டில். அந்தப் பட்டியலை ஆறு மாதம் முன்பே பிரித்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

இதே கணக்கை வேறொரு ஊரில், இன்னும் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்று ஒரு ஊர். 1981இல் அங்கே நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போன பெர்னி சாண்டர்ஸ், அதற்கு முன் லிபர்ட்டி யூனியன் என்ற சிறு கட்சியில் 1972க்கும் 1976க்கும் இடையே நான்கு முறை நின்றவர்: இரண்டு முறை செனட்டுக்கு, இரண்டு முறை ஆளுநர் பதவிக்கு. நான்கிலும் தோல்வி, ஒருமுறைகூட ஏழு சதவீதத்தைத் தொடவில்லை. பிறகு கட்சியையும் விட்டுவிட்டார். அவருடைய நண்பர், பேராசிரியர் ரிச்சர்ட் ஷுகர்மன், பழைய வாக்கு விவரங்களை எடுத்து ஊர்வாரியாகப் பார்த்தார். மாநிலம் முழுக்க ஆறு சதவீதம் வாங்கியவருக்கு பர்லிங்டனில் பன்னிரண்டு. தொழிலாளர்கள் வாழும் வார்டுகளில் அதைவிடக் கூடுதல். அப்புறம்தான் மேயர் தேர்தலுக்கு சுயேச்சையாக நிற்பது என்று முடிவானது.

எதிரே இருந்தவர் கார்டன் பாக்கெட், பத்து வருடமாக மேயர், ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. ஜெயிப்பது உறுதி என்றிருந்த மேயர் சொத்துவரியைக் கூட்டப் போவதாகச் சொன்னார். சாண்டர்ஸ் அரசுக் குடியிருப்புகளில் கதவு கதவாகத் தட்டினார். ஏரிக்கரையைக் கட்டட முதலாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பேசினார். காவலர் சங்கமே அவருக்கு ஆதரவு தந்தது. மார்ச் 3 அன்று வாக்குப்பதிவு. மறு எண்ணிக்கை முடிந்தபோது அவர் பத்து ஓட்டில் ஜெயித்திருந்தார்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இந்தக் கதையில் உண்டு. அந்தத் தேர்தலில் ஓட்டைப் பிரித்தது சாண்டர்ஸ் மட்டும் இல்லை. உணவகம் நடத்திய ரிச்சர்ட் போவ் என்பவர் ஜனநாயகக் கட்சியில் இடம் கிடைக்காமல் தனியாக நின்று ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அது பெரும்பாலும் மேயருக்குப் போகவேண்டிய ஓட்டு என்றுதான் சொல்வார்கள். நம் ஊர் வார்டுகளிலும் இதுதான் நடக்கிறது. சீட்டு கிடைக்காத கோபத்தில் போட்டி வேட்பாளராக நிற்பவர் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. பெரிய கட்சிக்காரர்களே தங்கள் ஓட்டைப் பிரித்துக்கொள்ளும் இடத்தில், பிரிக்கிறாய் என்ற பழியை உங்கள் மேல் மட்டும் ஏன் போட வேண்டும்? ஓட்டு யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை.

இனி, யாரும் உங்களிடம் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. ஜெயித்த மறுநாள் என்ன ஆகும்? பர்லிங்டன் மன்றத்தில் பதின்மூன்று பேர். புது மேயர் பக்கம் இரண்டே பேர். அவர் நியமித்த அதிகாரிகளை ஏற்க மறுத்தார்கள், அவருடைய செயலாளரையே வேலையைவிட்டு நீக்கினார்கள். அடுத்த ஆண்டு வார்டுத் தேர்தலில் அவர் பக்கத்து ஆட்கள் கூடுதலாக வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. பிறகு நகராட்சியின் காப்பீட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வைத்துப் பணத்தை மிச்சப்படுத்தினார். மேலும் மூன்று முறை ஜெயித்து 1989 வரை மேயராக இருந்தார்.

உங்களுக்கு நடப்பது வேறு மாதிரி. நம் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினைந்து பேரில் ஏழுக்கு ஏழு என்று வந்துவிட்டால் எட்டாவது ஓட்டு உங்கள் கையில். அன்றைக்கு ராத்திரியே வாசலில் கார் நிற்கும். சொகுசு விடுதிக்குக் கூப்பிடுவார்கள், பணம் பேசுவார்கள், உறவுக்காரர்களை விட்டுக் கெஞ்ச வைப்பார்கள், மிரட்டவும் செய்வார்கள். கட்சித்தாவல் தடை என்று அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை சொல்வது எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு; வார்டு உறுப்பினர் அதில் வரமாட்டார். அதனால் யாருக்கு ஓட்டுப் போடுவேன், எதைக் கேட்டுப் போடுவேன் என்பதைப் பிரச்சாரத்திலேயே சொல்லிவிடுங்கள். "குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எந்தத் தேதிக்குள் என்று மன்றத்தில் தீர்மானம் போடுகிறவருக்கு என் ஓட்டு" என்று நோட்டீஸில் அச்சடித்துக் கொடுங்கள். தெருவே அறிந்த வாக்குறுதி இருந்தால் கார்க்காரரிடம் மறுப்பதும் உங்களுக்குச் சுலபம்.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். 2022இல் பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 500. ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள், ஆமாம். உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். வாங்கியவர்கள் எல்லோரும் வாங்கிய இடத்துக்கே போடுவதில்லை. ஒரே ஒரு கண்டிப்பு: செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதி, தேர்தல் முடிந்ததும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள். தோற்றவர்கள் இதை மறந்துவிட்டு அடுத்த முறை நிற்கும் தகுதியை இழக்கிறார்கள்.

சிறிய கட்சியின் பெயரில் நிற்பதா, தனியாகவா? அந்தக் கட்சிக்கு உங்கள் ஊரில் பூத் ஏஜென்டாக உட்காரவும் வாக்கு எண்ணும் இடத்தில் நிற்கவும் ஆள் இருந்தால் சேர்ந்து நில்லுங்கள். கொடியும் தலைவர் படமும் மட்டும் தருவதாக இருந்தால் தனியாகவே நில்லுங்கள். உங்கள் கடைக்குக் கட்சி பார்க்காமல் வருகிறவர்களை அந்தக் கொடி யோசிக்க வைத்துவிடும்.

இப்போதுள்ள மன்றங்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றவை. ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் சொன்ன நேரத்தில் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2016இல் முடிந்த மன்றங்களுக்கு 2022 வரை தேர்தலே நடக்கவில்லை. வார்டு எல்லையும் இட ஒதுக்கீடும் மாறலாம். அதனால் பக்கத்து இரண்டு வார்டுப் பட்டியலையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். வாங்கியதும் ஒரு சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஊர் சிரிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பவருக்கு அந்த ஊரில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். எத்தனை பெயருக்கு அவர் விவரம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.